அணைத் தண்ணீரில் மிதப்பவற்றை எண்ணலாம் வாங்க: கொங்கு நாட்டில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஏனுங் தம்பி, மீனும் புடிக்கல, தண்ணியும் மோந்துக்கல. அப்புறம் அந்தத் துணியில என்னத்தத்தான் வடிக்கறீங்க?"

பவானிசாகர் நீர்ப்பரப்பில் எனக்குப் பரிசல் ஓட்டிய பெரியவர் கேட்டது இது. வலையின் அடியில் கட்டியிருந்த சின்னப் பாட்டிலைக் கழற்றிக் காலை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். உள்ளே ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். சில துள்ளின, சில வழுக்கிக்கொண்டு போயின. கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "அட, பூச்சிங்களா! கட்லாக் குஞ்சுக்கு இதுதானுங்களே சோறு" என்றார். பாடப்புத்தகம் இதை விலங்கு மிதவை உயிரிகள் என்கிறது. அவர் சொன்னதிலும் பிழை இல்லை. தண்ணீரின் பச்சையைத் தின்று மீனுக்கு இரையாகும் இடைத்தட்டுக் கூட்டம் இதுதான்.

இந்தக் கூட்டத்தில் எத்தனை வகை, எது எவ்வளவு, குளிர்ந்த ஊர் அணையிலும் வெப்பமான ஊர் அணையிலும் அது எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்பும் கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சும்மா ஆர்வம் உள்ளவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இதற்குக் கொங்கு நாட்டைவிடத் தோதான இடம் குறைவு. நீலகிரியில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. பைக்காராத் தண்ணீர் மாயாறாக இறங்கி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் உள்ள பவானிசாகருக்கு வந்து சேர்கிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை கூடும். ஆக, ஒரு நாள் பயணத்துக்குள் பத்துப் பாகை வித்தியாசம். வால்பாறைப் பக்கம் சோலையாறு மழைக்குள்ளேயே நிற்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஆழியாறும் திருமூர்த்தியும் அமராவதியும் மழை மறைவில் காய்கின்றன. விமானம் ஏறாமலேயே மூன்று நான்கு தட்பவெப்பங்களைப் பார்த்துவிடலாம்.

எந்தத் தண்ணீர்?

பெரிய அணையில் தொடங்காதீர்கள். ஊருக்குப் பக்கத்தில் கரையிலிருந்து எட்டக்கூடிய ஒரு குளத்தில் கை பழகட்டும். வலையை அலசவும் நுண்ணோக்கியில் பார்க்கவும் ஒரு மாதம் பழகிய பிறகு அணைக்குப் போங்கள்.

அணை என்றால் அனுமதி வேண்டும். சமவெளி அணைகளின் மதகும் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பு, நீலகிரியில் மின்வாரியத்தின் பொறுப்பு. அமராவதி அணை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியும், பவானிசாகர் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியும் இருப்பதால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும். கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு போனால் வேலை சுலபம். மீன்பிடி உரிமை எடுத்தவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புதிதாக ஒருவர் வலையோடு நின்றால் அவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். அமராவதியில் முதலைகள் உண்டு. அங்கே தண்ணீரில் கால் வைக்க வேண்டாம், விளிம்பில் குந்தியிருந்து அலசவும் வேண்டாம். பரிசலில் போவதானால் மிதவை உடுப்பு இல்லாமல் ஏறாதீர்கள்.

வலை

ஆய்வகக் கடையில் விற்கும் மிதவை வலை விலை அதிகம். நமக்குத் திருப்பூர் இருக்கிறது. பனியனில் படம் அச்சிடும் பட்டறைகளுக்கு ஸ்கிரீன் மெஷ் விற்கும் கடைக்குப் போய், ஒரு சென்டிமீட்டருக்கு 90 முதல் 100 இழை உள்ள நைலான் அல்லது பாலியெஸ்டர் மெஷ் கேளுங்கள். அங்குலக் கணக்கில் பேசும் கடையானால் 230 முதல் 250. இதன் கண் அளவு 60 மைக்ரானுக்குப் பக்கத்தில் வரும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இழையின் தடிமனைப் பொறுத்துக் கண் மாறும் என்பதால், வாங்கியதில் ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் அளந்து, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ரோட்டிஃபர் என்னும் சக்கர உயிரிகளில் பல 100 முதல் 300 மைக்ரான் அளவுதான். 150 மைக்ரான் கண் உள்ள வலையை ஒருவர் போட்டால் அவற்றில் பெரும்பகுதி நழுவிவிடும். அவர் தம் அணையில் ரோட்டிஃபர் குறைவு என்று எழுதுவார். 60 மைக்ரான் போட்டவர் ரோட்டிஃபரே ஆட்சி செய்கிறது என்று எழுதுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்து "தட்பவெப்ப வித்தியாசம்" என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வித்தியாசப்பட்டது துணிதான்.

தைப்பது எளிது. கட்டுக்கம்பியில் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம், அதிலிருந்து கூம்பாக இறங்கும் துணி, நீளம் வாயைப்போல மூன்று மடங்கு. நுனியில் வாய் அகன்ற சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். தையல் ஓரத்தை இரண்டாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊசித்துளை வழியாகவே பாதி உயிரிகள் ஓடிவிடும்.

பரிசல் கிடைக்காதவர்கள் பக்கெட் முறையைப் பின்பற்றலாம். பத்து லிட்டர் பக்கெட்டால் ஐந்து முறை மொண்டு, வலை வழியாக மெல்ல ஊற்றினால் 50 லிட்டர் வடித்தாயிற்று. தொடங்குபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான், ஏனென்றால் வடித்த அளவு உறுதியாகத் தெரியும். வலையைக் கயிற்றில் ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து செங்குத்தாக இழுத்தால், 25 சென்டிமீட்டர் வாய்க்குக் கணக்குப்படி சுமார் 245 லிட்டர் வடிந்திருக்க வேண்டும். ஆனால் பச்சை கட்டிய தண்ணீரில் பாதி வழியிலேயே கண் அடைத்துக்கொள்ளும். அப்போது அந்தக் கணக்கு வெறும் ஆசை.

இழுத்து முடித்ததும் வலைக்கு வெளியிலிருந்து தண்ணீர் தெளித்து, ஒட்டிக்கொண்டவற்றைப் பாட்டிலுக்குள் இறக்குங்கள். உட்புறம் ஊற்றாதீர்கள். வடிக்காத தண்ணீர் உள்ளே போய்க் கணக்கு கெட்டுவிடும்.

எந்த நேரம்?

என் முதல் அணை மாதிரியைப் பகல் பதினொன்றரைக்கு எடுத்தேன். காலையில் டிபன் சாப்பிட்டு, பஸ் பிடித்து, சாவகாசமாகப் போனதன் பலன். ஐம்பது லிட்டரில் விரல்விட்டு எண்ணும்படி இருந்தது. இந்த அணையில் ஒன்றுமே இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். அதே வாரம் அதே இடத்தில் விடியலுக்கு முன் எடுத்தபோது பாட்டில் கஞ்சிபோல இருந்தது. இவற்றில் பெரியவை பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும், இருட்டினால் மேலே வரும். வெளிச்சத்தில் மேலே நின்றால் மீன் கண்டுகொள்ளும் என்பது முக்கியக் காரணம்.

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து ஏழுக்குள் என்றால் ஊட்டியிலும் அதேதான், ஆழியாறிலும் அதேதான்.

மாதிரியோடு கூடவே நான்கு குறிப்புகள் வேண்டும். தண்ணீரின் வெப்பம், அணையின் அன்றைய நீர்மட்டம், காற்று அடித்ததா இல்லையா, தண்ணீர் எவ்வளவு தெளிவு. தெளிவை அளக்க 20 சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்களாகப் பெயின்ட் அடித்து, நடுவில் கயிறு கட்டி இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அளவு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்து காட்டிய முறை இது. இன்றும் இதைவிட மலிவான கருவி கிடையாது. நீர்மட்டம் தினமும் செய்தித்தாளிலேயே வரும். பவானிசாகருக்கு முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். ஸ்பிரிட் ஒரு சொட்டுப் பட்டால் மை கரைந்து ஓடிவிடும். அப்படி ஒரு பருவத்தின் பதினான்கு பாட்டில்களை நான் அனாதையாக்கியிருக்கிறேன். கெட்டித்தாளில் பென்சிலால் எழுதி, பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள்.

முதலில் உயிரோடு, பிறகு ஸ்பிரிட்டில்

பழைய புத்தகங்கள் ஃபார்மலின் என்று சொல்லும். வீட்டில் வேண்டாம். மூச்சுக்கும் கண்ணுக்கும் கேடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆய்வகப் புகைபோக்கி இருக்கிற இடத்தில் மட்டும் அது சரி. மற்றவர்களுக்கு எத்தனால் ஸ்பிரிட் போதும். வடித்த மாதிரி ஒரு பங்குக்கு 95 சதவீத ஸ்பிரிட் மூன்று பங்கு சேர்த்தால் சுமார் 70 சதவீதம் வரும்.

ஆனால் பாதியை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றே பாருங்கள். உடம்பில் ஓடு இல்லாத ரோட்டிஃபர்கள் ஸ்பிரிட் பட்டதும் சுருண்டு உருண்டையாகிவிடும். அப்புறம் எந்த நிபுணராலும் பெயர் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவை நிற்காமல் ஓடுமே என்றால் அதற்குக் கோலி சோடா இருக்கிறது. பன்னீர் சோடா அல்ல, வெறும் சோடா. மாதிரியில் பாதிக்குப் பாதி கலந்து சில நிமிடம் விட்டால் கரியமில வாயுவில் மயங்கிக் கிடக்கும், உருவமும் கெடாது.

நுண்ணோக்கி 40 மடங்கும் 100 மடங்கும் காட்டினால் போதும். பள்ளிக்கூடத்துப் பழைய கருவியே தாராளம். கண்வில்லைமேல் கைப்பேசியை வைத்துக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாததை அசைவோடு காட்டினால் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்.

யார் யார் என்று தெரிந்துகொள்வது

இங்கேதான் பொறுமை வேண்டும், சுவாரசியமும் இங்கேதான். முதல் மாதம் சிற்றினப் பெயருக்கு அலையாதீர்கள். மூன்று சாதியாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

ரோட்டிஃபர் மூன்றிலும் சின்னது. தலையில் மயிரிழைகளாலான கிரீடம். அது அடிக்கும்போது சக்கரம் சுற்றுவதுபோலத் தெரியும், பெயரே அதனால்தான். நம் வெப்பக் குளங்களில் முதலில் கண்ணில் படுவது பிராக்கியோனஸ். கண்ணாடிப் பெட்டிபோன்ற ஓடு, முன்னால் முட்கள், பின்னால் நெளியும் வால்போன்ற பாதம், பெரும்பாலும் பின்பக்கம் ஒட்டிக்கொண்ட ஒரு முட்டை. கெரட்டெல்லாவின் ஓட்டில் தேன்கூட்டுக் கட்டங்கள்போல வரி, பாதம் கிடையாது. அஸ்பிளாங்க்னா ஒரு கண்ணாடிப் பை. மற்ற ரோட்டிஃபர்களை விழுங்கும். விழுங்கியது வயிற்றுக்குள் தெரியும். இந்த அஸ்பிளாங்க்னாவின் வாடை தண்ணீரில் கலந்தால், பிராக்கியோனஸ் கேலிசிஃபுளோரஸ் பின்பக்கம் நீண்ட முட்களோடு குட்டி போட ஆரம்பிக்கும். அம்மாவுக்குப் பின்முள் இல்லை, மகளுக்கு ஆள் உயரத்துக்கு முள். இது தெரியாமல் இரண்டையும் இரண்டு இனமாக எழுதினால் உங்கள் இனக் கணக்கில் ஒன்று கூடிவிடும்.

கிளாடோசெராவைத் தண்ணீர்த் தெள்ளு என்று சொல்வதுண்டு. விட்டு விட்டுத் துள்ளும். ஒற்றைப் பெரிய கண், இரண்டு பக்கமும் மூடிய ஓடு, அதற்குள் கால்கள் தண்ணீரை வடித்தபடி இருக்கும். முதுகுப் பையில் முட்டையோ குட்டியோ. ஆண் இல்லாமலேயே பெண்கள் பெண்களைப் பெற்றுக்கொண்டே போகும். நம் பக்கம் மொய்னா, செரியோடாஃப்னியா, டயாஃபனோசோமா இவையே அதிகம் எதிர்ப்படும். மீன்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு மொய்னா பழகிய முகம்.

கோபிபாட் கண்ணீர்த் துளி வடிவம், இரட்டை வால். பெண்ணுக்கு இரண்டு பக்கமும் முட்டைப் பை தொங்கினால் சைக்ளோப்ஸ் கூட்டம். ஒரே பை, உணர்கொம்பு வால்வரைக்கும் நீண்டிருந்தால் டயாப்டோமஸ் கூட்டம். வளர்ந்த சைக்ளோப்ஸ் ராகிமணி அளவுக்குக் கிட்ட வரும். நரம்புச்சிலந்திப் புழுவைக் குடிதண்ணீர் வழியாக மனிதருக்குக் கடத்தியது இந்தச் சைக்ளோப்ஸ்தான். தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிச் சொல்லியே அந்த நோயை ஒழித்தோம். இந்தியாவில் அது இல்லை என்று 2000இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் வலையும் அதே வடிதுணிதான், நாம் வைத்துக்கொள்வது மட்டும் வேறு பக்கம்.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி நாப்ளியஸ். மூன்று ஜோடிக் கால்களோடு உண்ணிபோல இருக்கும். அது தனி இனம் அல்ல, கோபிபாட்டின் குஞ்சு. அதைத் தனி வரியில் எண்ணுங்கள், ஆனால் இனப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எள்ளைப்போல இரண்டு ஓட்டுக்குள் மூடிக்கொண்டிருப்பது ஆஸ்டிரகாட். அடிமண்ணைக் கலக்கியிருந்தால் நிறைய வரும்.

எண்ணுவது

செட்விக் ராஃப்டர் அறை என்று ஒரு கண்ணாடி வில்லை கிடைக்கும். சரியாக ஒரு மில்லி பிடிக்கும், ஆயிரம் கட்டம். மாதிரியை மெல்லக் குலுக்கி, அடியில் தங்கவிடாமல், ஒரு மில்லி எடுத்து நிரப்பி எண்ணுங்கள். மூன்று தடவை எண்ணிச் சராசரி எடுங்கள்.

உதாரணம்: 50 லிட்டர் வடித்தீர்கள். பாட்டிலில் 20 மில்லி கிடைத்தது. 60 மில்லி ஸ்பிரிட் ஊற்றினீர்கள். இப்போது மொத்தம் 80 மில்லி. ஒரு மில்லியில் 31, 27, 32 என்று வந்தது, சராசரி 30. முப்பதை எண்பதால் பெருக்கி ஐம்பதால் வகுத்தால் லிட்டருக்கு 48. ஸ்பிரிட் ஊற்றியதை மறந்து இருபதால் பெருக்கினால் 12 என்று வரும். நான்கில் ஒரு பங்கு. சிரிக்காதீர்கள், அச்சேறிய அட்டவணையிலேயே இந்தத் தவறை நான் பார்த்திருக்கிறேன்.

இனப் பன்மை என்றால் என்ன எண்?

இனங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. இரண்டு குளத்திலும் நான்கு நான்கு இனம், நூறு நூறு உயிரி என்று வைப்போம். முதல் குளத்தில் 25, 25, 25, 25. இரண்டாவதில் 85, 5, 5, 5. முதலாவதில் நான்கு பேரும் சமமாகக் குடியிருக்கிறார்கள், இரண்டாவதில் ஒருவர்தான் பண்ணையார். இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் ஷானன் குறியீடு. ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதன் மடக்கையால் பெருக்கி, கூட்டி, கழித்தல் குறியை நீக்கினால் வரும் எண் அது. முதல் குளத்துக்கு 1.39, இரண்டாவதுக்கு 0.59. இது இயல் மடக்கையில் போட்டது. மடக்கைக்கு அடிமானம் 2 என்று வைத்தால் முதல் குளமே 2 ஆகிவிடும். ஆகவே வேறொருவர் எண்ணோடு ஒப்பிடும் முன் அவர் எந்த மடக்கை போட்டார் என்று பாருங்கள்.

இன்னொன்று, எண்ணும் தலைகளும் சமமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நூறு, இன்னோரிடத்தில் ஐந்நூறு எண்ணினால் ஐந்நூறு எண்ணிய இடத்தில் அரிய இனங்கள் தானாகவே கூடும். எல்லா இடத்திலும் முந்நூறு என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

தட்பவெப்பம் என்ன செய்கிறது?

ஐரோப்பாவின் ஒரு நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் எல்லாம் அடங்கிக் கிடக்கும். வசந்தத்தில் பாசி பொங்கும். அதைத் தின்று டாஃப்னியா என்னும் பெரிய தெள்ளுகள் பெருகும். சில வாரங்களில் பாசியை முழுக்கத் தின்று தண்ணீரைக் கண்ணாடியாக்கிவிடும். பிறகு மீன்குஞ்சுகள் வந்து டாஃப்னியாவைத் தின்னும். இந்த வரிசையை 1986இல் ஆய்வாளர்கள் ஒரு பொது விதியைப்போலவே எழுதி வைத்தார்கள். அங்கே கடிகாரம் சூரியன்.

நம் சமவெளி அணையில் பெரிய டாஃப்னியாவைத் தேடினால் ஏமாற்றம்தான். வெப்பமண்டலத்தில் இனங்கள் கொட்டிக் கிடக்கும் என்பது காட்டுக்கும் பறவைக்கும் பொருந்தும். திறந்த தண்ணீரின் மிதவைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. இலங்கைக் குளங்களில் நெடுங்காலம் வேலை செய்த சி.எச். ஃபெர்னாண்டோ 1980இல் எழுதியது இதைத்தான். வெப்பமண்டல மிதவைகள் உருவில் சிறியவை, டாஃப்னியா மிகக் குறைவு. காரணம் ஒன்றல்ல. வருடம் முழுக்க மீன்குஞ்சு இருப்பதால் பெரிய உருவத்துக்கு ஆபத்து. மீன் பெரியவற்றைத் தின்றால் சிறியவை மிஞ்சும் என்பதை 1965இலேயே புரூக்ஸும் டாட்சனும் காட்டிவிட்டார்கள். போதாததற்கு நாம் கட்லாவை விடுகிறோம், ஜிலேபிக் கெண்டை தானாகவே பெருகுகிறது. கோடையில் நீலப்பச்சைப் பாசி கட்டினால் அதன் கொத்துகள் பெரிய தெள்ளுகளின் வடிக்கும் கால்களில் சிக்கிக்கொள்ளும்.

வெப்பம் வேறு வழியிலும் வேலை செய்கிறது. டாஃப்னியா முட்டை 10 பாகைத் தண்ணீரில் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், 20 பாகையில் மூன்று நாளுக்குள். அதனால் அவலாஞ்சியில் மாதம் ஒரு மாதிரி எடுத்தால் கதை தொடர்ச்சியாகக் கிடைக்கலாம். பவானிசாகரில் மாதம் ஒன்று என்றால் நடுவில் பல தலைமுறை ஓடியிருக்கும். சமவெளியில் பதினைந்து நாளுக்கு ஒன்றாவது எடுங்கள்.

நம்மூர்க் கடிகாரம் தண்ணீரின் வரவும் செலவும். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டி, அணைக்குச் செந்தண்ணீர் வரும். கூடவே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நீரைக் கலக்கும். களிமண் தூள் வடித்துத் தின்னும் தெள்ளுக்குச் சத்துரு. வளர வாரக்கணக்கில் நாள் பிடிக்கும் கோபிபாட்டைப் புதுவெள்ளம் அடித்துக்கொண்டு போகும். ஒரே நாளில் முட்டை பொரிக்கும் ரோட்டிஃபர் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி மழை முடிந்து, தை மாசியில் தண்ணீர் அடங்கித் தெளிந்தபின் தெள்ளும் கோபிபாட்டும் தலைகாட்டும். சித்திரையில் அணை சுருங்கி, இருக்கிற மீனெல்லாம் கொஞ்சத் தண்ணீருக்குள் நெருங்கினால் மறுபடி சின்ன உருவங்களின் காலம். பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய வரிசை இது. உங்கள் நோட்டு வேறு சொன்னால் நோட்டையே நம்புங்கள். ஆனால் அந்த ஆண்டு எந்தத் தேதியில் மதகு திறந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒப்பிடும்போது மாட்டிக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. குளிர்ந்த இடத்துக்கு எடுத்துக்காட்டாக ஊட்டி ஏரியை எடுக்கத் தோன்றும், எட்டுவது எளிது என்பதால். 1824இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உண்டாக்கிய ஏரி அது. இன்று ஊர்க்கழிவு கலக்கும் நீர். அங்கே காண்பது குளிரின் வேலையா, கழிவின் வேலையா என்று பிரிக்க முடியாது. அதேபோல நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை. சாயக்கழிவின் உப்பு ஏறிய வரலாறு உள்ள நீர். உப்பு நீரில் உப்பைத் தாங்கும் இனங்கள் மட்டும் நிற்கும், வெயிலுக்கு அதில் பங்கு குறைவு. வெப்பத்தை ஒப்பிட வேண்டுமானால், மற்றவை முடிந்தவரை ஒத்திருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். கீழே ஆழியாறோ அமராவதியோ ஒன்று. மலையில் அனுமதி கிடைக்கும் இன்னொன்று.

பழைய அளவுகளைத் தேடுபவர்களுக்கு: 1960களில் ஏ. சீனிவாசன் மேட்டூர், அமராவதி உள்ளிட்ட நம் நீர்த்தேக்கங்களின் நீரியலை வரிசையாக ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அறுபது வருடத்துக்கு முந்தைய அடிப்படை அளவு நம் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் இதை எடுத்துப் பார்ப்பது அரிது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

வலையைக் காயவைத்துவிட்டுக் கிளம்புங்கள்

ஓர் அணையில் நனைத்த வலையை அப்படியே அடுத்த அணையில் போடாதீர்கள். டாஃப்னியா லும்ஹோல்ட்ஸி என்று ஒன்று உண்டு. தலையிலும் வாலிலும் நீண்ட முள், ஆப்பிரிக்க, ஆசிய, ஆஸ்திரேலிய வெப்ப நீரின் பிறவி. டாஃப்னியாக்களில் வெயில் தாங்குவது. 1990களின் தொடக்கத்தில் அது அமெரிக்காவின் டெக்சாஸ் நீர்த்தேக்கங்களில் தென்பட்டது, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. உள்ளூர் டாஃப்னியாக்கள் கோடை வெப்பத்தில் குறையும் சமயம் பார்த்து இது பெருகியது. வெளியிலிருந்து கொண்டுவந்த மீன்களோடு போயிருக்கலாம் என்பது கணிப்பு. ஒரு முட்டை போதும். கொதிக்கும் வெந்நீரில் அலசி, முழு வெயிலில் மொடமொடப்பாகக் காயவைத்த வலைதான் அடுத்த இடத்துக்கு.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை

கடிதம் போட்டுக் காத்திருக்கும் நாட்களில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தெள்ளும் ரோட்டிஃபரும் நிலைமை மோசமானால் ஆண் உயிரிகளை உண்டாக்கி, கெட்டியான உறக்க முட்டை போடும். தெள்ளின் முட்டை குதிரைச் சேணம்போன்ற கறுத்த உறையில் இருக்கும். குளம் வற்றியபின் அது மண்ணில் கிடக்கும், அவற்றில் சில பத்தாண்டுகள் பல கழித்தும் பொரிக்கும். தோட்டத்துக்கு வண்டல் அடித்திருப்பவர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார். அந்தக் குவியலில் இன்னும் எரு கலக்காத இடத்திலிருந்து ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். காய்ச்சி ஆறவைத்து, ஒரு நாள் திறந்தபடி வைத்த தண்ணீரை அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, மண்ணை மெல்லியதாகத் தூவுங்கள். ஜன்னல் வெளிச்சம் பட வேண்டும், நேர் வெயில் கூடாது. கொசு முட்டையிடாமல் வேட்டித்துணியால் மூடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பாலும் முதலில் ரோட்டிஃபர், பிறகு தெள்ளு. இரண்டு வாரமாகியும் அசைவே இல்லை என்றால் மண்ணை மாற்றுங்கள். குளத்தின் கரையோர மண்ணைவிட, மடைக்குப் பக்கத்தில் கடைசியாகத் தண்ணீர் நின்ற பள்ளத்து மண்ணில் முட்டை அதிகம் தங்கியிருக்கும்.